ஈசான மூலை அறை

பெல்ட்டைப் போட்டுக்கொள்ளுங்கோ ஐயா. இல்லாட்டி உந்தக் கார் வீடு போய்ச் சேருமட்டும் கத்திக்கொண்டே வரும். உங்கட பை பின்சீட்டில இருக்கட்டும். செம்பு உருளாது, துவாயால சுத்தி வைச்சிருக்கிறன்.

மகள்தான் உங்களைக் கூட்டிவர வெளிக்கிட்டவ. நான் விடேல்லை. வீட்டை போய்ச் சேர முதல் உங்களோட ஒரு கதை கதைக்கவேணும். போனில சொல்லக்கூடிய கதை இல்லை. நான் போனைக் கையில எடுத்தால் பவளம் பக்கத்தில வந்து நிப்பா. பவளம் எண்டது என்ர மனிசி. முழுப்பேர் பவளராணி. நீங்கள் கோயிலுக்குப் புதுசு, அவவை இன்னும் கண்டிருக்கமாட்டியள்.

அவவுக்கு நான் சொல்லி வைச்சிருக்கிறது, எனக்குச் சாதகத்தில கிரக திசை மாறுது, அதுக்கொரு சின்னச் சாந்தி எண்டு. அது பொய் ஐயா. சாந்தி எனக்கில்லை, அறைக்கு. எங்கட சாமியறைக்குத் தீட்டுக் கழிக்க ஒரு புண்ணியாகவாசனம் செய்யவேணும். ஆனா அது புண்ணியாகவாசனம் எண்டு அவவுக்குத் தெரியக்கூடாது. தண்ணி தெளிக்கேக்க மந்திரத்தைக் கொஞ்சம் மெல்லமாச் சொல்லுங்கோ. அவவின்ர தாய் பக்கம் கோயில் காரியம் தெரிஞ்ச ஆக்கள். காதில விழுந்தால் பிடிச்சிடுவா.

ஏனெண்டு கேக்கிறியளோ? சொல்லத்தான் வேணும். சொல்ல நாக்குக் கூசுது. கொஞ்சம் பொறுங்கோ, உந்த லொறி போகட்டும்.

அந்தா, வலப்பக்கம் பாருங்கோ. கூரையளுக்கு மேலால சிவப்பாய் ஒரு பெரிய கட்டடம் தெரியுதெல்லோ? அதுதான் கிராஸ்பெக் மில். எங்கட வீடு அதின்ர மூண்டாம் மாடி. விக்டோரியா மகாராணி இருந்த காலத்தில கட்டினது ஐயா. பஞ்சை நூலாக்கிற மில். ஒவ்வொரு மாடியும் ஒரு பள்ளிக்கூட மைதானமளவு. நடுவால இரும்புத் தூண் வரிசையா நிக்கும். தூணுக்கு மேல இரும்பு உத்தரம். உத்தரத்துக்கும் உத்தரத்துக்கும் இடையில செங்கல்லை வில்லு மாதிரி வளைச்சுக் கட்டி, அதுக்கு மேலதான் அடுத்த மாடியின்ர தரை. மரம் எண்டு பேருக்கும் இல்லை. பஞ்சுத் தூசியும் மெசின் எண்ணையும் சேந்த இடத்தில ஒரு பொறி காணும், முழுக்க எரிஞ்சுபோம். அதுக்குத்தான் அப்பிடி. யன்னலெல்லாம் ஆளை விட உயரம். அறுந்த நூலைக் கண்டுபிடிக்க வெளிச்சம் வேணுமெல்லோ.

எனக்கு எல்லாம் பாடம். வருசத்தில ஒரு நாள் கட்டடத்தைச் சனம் வந்து பாக்கத் திறந்து விடுறவை. அண்டைக்குச் சுத்திக் காட்டுறவர் அடியேன்தான். வெள்ளைக்காரனுக்கு அவன்ர மில்லை நான் விளங்கப்படுத்துறன் எண்டால் பாருங்கோ. பஞ்சு மில், பிறகு சண்டைக் காலத்தில பரசூட் தைச்ச இடம், பிறகு நூல் தொழில் படுத்திட்டுது. பிறகு ஒரு கட்டலொக் கொம்பனி. சனம் புத்தகத்தைப் பாத்து உடுப்பு, சப்பாத்து எண்டு ஓடர் குடுக்க, இஞ்ச இருந்து பெட்டி கட்டி அனுப்பினவை. அதுவும் மூடி, கொஞ்சக் காலம் காப்பெட் கடை, பிறகு புறா. அதுக்குப் பிறகுதான் பிளாட். அந்தக் கட்டலொக் காலத்தைப் பற்றி நான் சனத்துக்குப் பெரிசா ஒண்டும் சொல்லுறேல்லை. பெட்டி கட்டுறதில என்ன சரித்திரம் கிடக்கு?

விசயத்துக்கு வாறன். மில்லின்ர மூலையைப் பாருங்கோ. சுவருக்கு வெளியால தள்ளி வட்டமாய் ஒரு சின்னக் கோபுரம் அடியிலயிருந்து நுனிமட்டும் ஏறுதெல்லோ? ஒவ்வொரு மாடியிலயும் அதுக்குள்ள ஒரு சின்ன அறை வரும். எங்கட பிளாட்டின்ர சாமியறை அதுதான். பிள்ளையள் கலியாணம் முடிச்சுப் போனாப் பிறகு நாங்கள் வீடு பாத்துத் திரிஞ்ச நேரம், போனில திசைகாட்டியை வைச்சுக்கொண்டு எத்தினை வீடு ஏறி இறங்கினனான் தெரியுமோ? ஒண்டில ஈசான மூலையில அடுப்படி. இன்னொண்டில குளியலறை. இஞ்ச வந்து திசை பாத்தால், அச்சொட்டாய் வடகிழக்கில, வட்டமாய், தனியாய் ஒரு அறை. எனக்கு மயிர் கூச்செறிஞ்சுபோச்சு.

நான் திசை பாத்து நிமிர முதல் பவளம் அதுக்குள்ள போய் நிண்டிட்டா. வீடு விக்கிறவன் தூணைப் பற்றியும் வளைவைப் பற்றியும் கதைக்கிறான், இவ காதில வாங்கேல்லை. செங்கல்லில கையை வைச்சுக்கொண்டு நிண்டா. பிறகு வெளியில வந்து, "இதுதான் வீடு" எண்டா. எனக்குச் சரியான பெருமை. நான் படிச்சுப் படிச்சுச் சொன்ன வாஸ்து ஒருமாதிரி அவவுக்கும் ஏறிட்டுது எண்டு நினைச்சன்.

அவவுக்கு வீடு வாசலில ஒரு நுணுக்கம் இருக்கு ஐயா. பால் காய்ச்சிக் குடிபூர முதலே சொன்னா, தையில இந்த யன்னலால குளிர் அறுக்கும், தடிச்ச சீலை போடவேணும் எண்டு. சொன்ன மாதிரியே அறுத்தது. லிப்ட் இடையில நிண்டால் கதவின்ர கீழ்ப்பக்கத்தில காலால ஒரு தட்டுத் தட்டுவா, ஓடும். ஒரே ஒரு குணம்தான் எனக்குப் பிடிக்கிறேல்லை. வடிவான வெள்ளித்தட்டு வாங்கிக் குடுத்திருக்கிறன், அதில பூ வைக்காமல் நாளாந்தம் ஒரு பூவைக் கொண்டுபோய் விளக்குக்குப் பின்னால செங்கல் இடுக்குக்குள்ள செருகுவா. ஏசியும் பாத்திட்டன். கேக்கமாட்டா.

மற்றப்படி அவ கஷ்டம் தெரியாத ஆள். என்னைக் கொழும்பில லொட்ஜில வைச்சுப் பொலிஸ் பிடிச்சு உள்ள போட்ட காலம், இவ கைக்குழந்தையோட இஞ்ச தமையனிட்ட வந்து சேந்திட்டா. தவனேசன், என்ர மச்சான். இதே டவுன்தான். மச்சான் தங்கச்சியை ஒரு துரும்பு எடுத்துப்போட விடேல்லை. என்னை வெளியில எடுப்பிச்சு இஞ்ச கொண்டந்து சேத்ததும் அவர்தான். அதால எங்கட வீட்டில எந்த நல்ல காரியம் எண்டாலும் முதல் மாலை மச்சானுக்கு. அவர் அல்லேலூயாவில சேந்து வீட்டில சாமிப்படம் வைக்க விடேல்லை, அது ஒண்டுதான் குறை. நானும் வந்தாப் பிறகு பெற்றோல் செட்டில நிண்டு மாய்ஞ்சனே தவிர, மனிசியை ஒரு இடத்துக்கும் வேலைக்கு விடேல்லை. எங்கட ஐயா, என்னைப் பெத்தவர், தலைமை வாத்தியார். எங்கட குடும்பத்துப் பொம்பிளையள் ஆரும் மில்லு, பக்ரறி எண்டு வாசல் மிதிச்சதில்லை. இப்ப மில்லுக்குள்ளதான் குடியிருக்கிறம் எண்டு நானே பகிடியாச் சொல்லுறனான்.

சரி. போன திறந்த நாள். பவளம் அண்டைக்கு வீட்டில நிக்கமாட்டா, வருசா வருசம் மகளிட்டப் போயிடுவா. சனம் வீட்டுக்குள்ள வாறது பிடிக்காது. நான் எங்கட பிளாட்டையும் சேத்துத் திறந்து காட்டினன். காட்டினால்தானே சனத்துக்கு விளங்கும். ஒரு கூட்டம் வெள்ளைக்காரர். அதில ஒரு கிழவி, பேர் டொரீன், ஊண்டுதடியோட. கால்வாய்க்கரையில இருக்கிற வயோதிபர் இல்லத்தில இருந்து வந்தவ. நான் கோபுரத்தைப் பற்றி, இது மகாராணிக்கு மரியாதையாகக் கட்டின அலங்காரம் எண்டு எடுத்து விட்டன். அது நானாக் கட்டின கதைதான், ஆனா கேக்க வடிவாயிருக்கும். பிறகு சொன்னன், இது எங்கட வழிபாட்டு அறை, தயவுசெய்து சப்பாத்தைக் கழட்டிப்போட்டு வாங்கோ எண்டு.

கிழவியும் பாவம், தூணைப் பிடிச்சுக்கொண்டு குனிஞ்சு கழட்டினா. உள்ளுக்கு வந்து சுத்திப் பாத்தா. பிறகு சிரிக்கத் துவங்கினா ஐயா. கண்ணால தண்ணி ஓடுமட்டும் சிரிச்சா. "இதுக்குள்ள வர நாங்கள் மூக்கைத்தான் பொத்தினனாங்கள், சப்பாத்தைக் கழட்டினதில்லை" எண்டா.

கக்கூஸ் ஐயா. மில்லின்ர கக்கூஸ். மாடிக்கொண்டு. சுவருக்கு வெளியால தள்ளிக் கட்டினதே மணம் உள்ளுக்கு வராமலிருக்கத்தானாம். தன்ர தாய் இஞ்ச வேலை செய்த காலத்தில கதவே இல்லையாம், ஆக்கள் உள்ளுக்கிருந்து நேரத்தைப் போக்காட்டிப்போடுவினம் எண்டு. தன்ர காலத்திலதான் கதவு வந்ததாம். அவ கட்டலொக் கொம்பனி மூடுமட்டும் இஞ்ச வேலை செய்தவ.

எனக்கு உயிர் போட்டுது. எங்கட ஊர் முருகன், சந்நிதியான்ர படத்துக்கு முன்னால, குத்துவிளக்கு எரியுது, அதில நிண்டு அவ விலாவாரியாச் சொல்லுறா, இதில ஒண்டு இருந்தது, அதில ஒண்டு இருந்தது எண்டு கையைக் காட்டி. எல்லாரும் சிரிக்கினம். நானும் சிரிச்சன். என்ன செய்யிறது. நல்லகாலம், எங்கட சனம் ஒருத்தரும் அதில இல்லை. பிறகும் கிழவி விடேல்லை. தன்னோட ஒரு பிள்ளை வேலை செய்ததாம், ராணி எண்டு, உன்ர நாட்டுப் பக்கம்தான், உனக்குத் தெரியுமோ எண்டு கேட்டா. அந்தப் பிள்ளை தேத்தண்ணி குடிக்கிற நேரம் இதுக்குள்ள வந்து சுவரைப் பாத்து முணுமுணுத்துக்கொண்டு நிக்குமாம். சூப்பவைசர் தேடி வந்தால் இவ கதவில நிண்டு, அவளுக்கு வயித்துக்குத்து எண்டு சொல்லிக் காப்பாத்துவாவாம். எனக்கிருந்த வெக்கத்தில அந்த விசர்ப்பிள்ளையின்ர கதை ஆருக்கு வேணும்? ராணி எண்டு வடக்கத்தியாரில தெருவுக்குப் பத்துப் பேர். தெரியாது எண்டு சொல்லிக் கதவைத் திறந்து விட்டன்.

அண்டையில இருந்து நான் அந்த அறைக்குள்ள கால் வைக்கேல்லை. முழங்கால் நோகுது எண்டு வெளியில நிண்டு கும்பிடுறன். சோறு இறங்குதில்லை. குடிபூரலுக்கு டவுனில இருக்கிற அவ்வளவு தமிழ்ச்சனமும் வந்தது. நான் ஆளாளுக்குத் திசைகாட்டியைக் காட்டி விளங்கப்படுத்தினனான். இது வெளியில தெரிஞ்சால் எனக்கு என்ன பட்டம் வைப்பினம் எண்டு உங்களுக்குத் தெரியாதோ? கக்கூஸ் மகேந்திரன். செத்தாலும் போகாது. மரண அறிவித்தலில அடைப்புக்குறிக்குள்ள போடுவினம்.

அதையும் தாங்குவன். பவளம் தாங்கமாட்டா. எனக்கு நெஞ்சு வெட்டி ஒப்பரேசன் செய்தபோது அவ சோறு தண்ணியில்லாமல் அந்த அறைக்குள்ளதான் கிடந்தவ. மகளுக்கு நீண்ட காலத்துக்குப் பிறகு பிள்ளை தங்கினதும் அதுக்குள்ள விளக்கு வைச்ச பலன் எண்டுதான் சொல்லுவா. சந்நிதியானைக் கொண்டுபோய்க் கக்கூசுக்குள்ள வைச்சிருக்கிறம் எண்டு தெரிஞ்சால் அவ உடைஞ்சுபோவா ஐயா. நான் கூட்டிக்கொண்டு வந்த வீடு. நான் பாத்த திசை.

அதால வடிவாத் தெளிச்சுவிடுங்கோ, மூலை முடுக்கெல்லாம். இந்தா வந்திட்டம். படியில கவனம், நடுவில தேஞ்சு பள்ளமாய்க் கிடக்கும். மில்லுக்காரர் நடந்து தேஞ்சது. மூச்சு விட்டிடாதேங்கோ.

*

பெல்ட் ஐயா. ஓம், அதுதான்.

தேத்தண்ணி பிந்தினதுக்கு மன்னிச்சுக்கொள்ளுங்கோ. நீங்கள் அறைக்குள்ள கும்பம் வைச்சுக்கொண்டிருக்க அடுப்படியில நடந்தது உங்களுக்குத் தெரியாது. நான் திடீரெண்டு வந்து புண்ணியாகவாசனம் வேண்டாம், அருச்சனை மட்டும் காணும் எண்டு சொல்ல, நீங்கள் என்னை ஒரு பார்வை பாத்தனீங்கள். ஏனெண்டு சொல்லாமல் உங்களைக் கோயிலில இறக்கிவிட எனக்கு மனம் வரேல்லை.

நீங்கள் உள்ள போன உடன பவளம் கூப்பிட்டவ. "இஞ்சாருங்கோ, உண்மையைச் சொல்லுங்கோ. உங்களுக்கு முழங்கால் நோகேல்லை. அந்த அறையில என்ன?" எண்டா. சமாளிச்சுப் பாத்தன். என்ர முகத்தைத்தான் பாத்துக்கொண்டு நிண்டா. கடைசியில தரையைப் பாத்துக்கொண்டு சொல்லிட்டன். பவளம், அது முந்திக் கக்கூசா இருந்த இடமாம்.

"ஓம்" எண்டா.

"ஓம் எண்டால்?"

"ஓம் எண்டால் ஓம்தான். பொம்பிளையளின்ர கக்கூஸ். யன்னலோட இருந்ததுக்குள்ளதான் நான் போறனான்."

கேத்தில் கொதிச்சுக்கொண்டு நிக்குது, ரெண்டு பேரும் அதை நிப்பாட்டேல்லை. அவ ஆறுதலாத்தான் சொன்னா ஐயா. கோபமில்லை. நான் உள்ள கிடந்த காலம் முழுக்க அவ இந்த மாடியில பெட்டி கட்டினவவாம். பின்னேர ஷிப்ட். பிள்ளையை அண்ணியிட்ட விட்டிட்டு வருவாவாம். "அண்ணா வீட்டில சந்நிதியான்ர படத்தைப் பெட்டியால வெளியில எடுக்க விடேல்லை. வேற எங்க எனக்குத் தனிய நிக்க இடமிருந்தது? தேத்தண்ணி நேரம் கதவைச் சாத்திப்போட்டு, செங்கல் இடுக்குக்குள்ள இருந்து படத்தை எடுத்து நிமித்தி வைச்சுக் கும்பிடுவன். பிறகு அங்கயே செருகிப்போட்டு வந்து பெட்டி கட்டுவன்" எண்டா. நான் உயிரோட இருக்கிறன் எண்டு தகவல் வந்த அண்டைக்கும் அதுக்குள்ளதான் போய் நிண்டவவாம்.

நான் கேட்டன், மச்சான் எல்லோ எல்லாம் பாத்தவர் எண்டு. "அண்ணா அப்பிடிச் சொல்லச் சொன்னவர். தங்கச்சியை மில்லுக்கு அனுப்பினவன் எண்டு சனம் கதைக்குமாம். உங்களை எடுப்பிச்சது என்ர சம்பளம். நீங்கள் வந்திறங்கின கையோட, எங்கட ஐயா தலைமை வாத்தியார், எங்கட பொம்பிளையள் மில் வாசல் மிதிச்சதில்லை எண்டு துவங்கினியள். பிறகு நான் எந்த வாயால சொல்லுறது?"

முதல் மாலை மச்சானுக்கு. ஒவ்வொரு முறையும் அந்த மாலையைத் தட்டில வைச்சு ஏந்திக்கொண்டு நிண்டது பவளம் ஐயா. நான்தான் எடுத்துப் போடுறனான்.

கிழவியில பழியைப் போட்டால் தப்பலாம் எண்டு நினைச்சனோ என்னவோ, டொரீன் எண்டு ஒரு வெள்ளைக்கிழவி வந்து எல்லாற்றை முன்னாலயும் சொல்லிச் சிரிச்சவ, அதுதான் எனக்கு அந்தரமாப் போச்சு எண்டன். அப்பதான் அவவின்ர முகம் மாறினது. கதிரையை இழுத்துப் போட்டு இருந்தா. "டொரீனோ? டொரீன் உயிரோட இருக்கிறாவோ?" எண்டா. அந்தப் பேரைக் கேட்ட பிறகுதான் ஐயா அழுதா. தன்ர கதை சொல்லேக்க அழேல்லை. "என்னைத் தேடினவவோ?" எண்டா. தேடினவதான். நான்தான் தெரியாது எண்டு கதவைத் திறந்து விட்டனான். அதையும் சொன்னன். விசர்ப்பிள்ளை எண்டு நினைச்சதை மட்டும் சொல்லேல்லை. அது உங்களுக்கு மட்டும்தான் தெரியும்.

கண்ணைத் துடைச்சுப்போட்டு எழும்பினா. "ஐயர் அதில தண்ணி தெளிச்சு எதைக் கழுவப்போறார்? வேண்டாம் எண்டு சொல்லுங்கோ" எண்டா. பிறகு நடந்தது நீங்கள் பாத்ததுதானே. நீங்கள் ஆற்றை பேருக்கு அருச்சனை எண்டு கேட்டியள். வழமையா நான்தான் முந்திக்கொண்டு என்ர பேர், என்ர நட்சத்திரம் எண்டு சொல்லுறது. அவ சொன்னா, டொரீன் எண்டு. நீங்கள் திகைச்சுப்போய் நட்சத்திரம் கேக்க, "தெரியாது ஐயா, சந்நிதியானுக்குத் தெரியும்" எண்டா. நீங்கள் மறுக்காமல் செய்தது பெரிய காரியம். அந்தப் பேர் மந்திரத்துக்குள்ள வரேக்க நான் வாசலில நிண்டனான். உள்ளுக்கு வரக் கால் எழும்பேல்லை. இந்த முறை முழங்கால் நோவுமில்லை, அறையின்ர குற்றமுமில்லை.

ஞாயிற்றுக்கிழமை அந்தக் கால்வாய்க்கரை இல்லத்துக்குக் கூட்டிக்கொண்டு போறன் எண்டு சொன்னனான். ஓம் எண்டா. பிறகு, "நீங்கள் காருக்குள்ள இருங்கோ" எண்டா.

கோயில் வந்திட்டுது. பொறுங்கோ, பையை நான் எடுத்துத் தாறன். செம்பு கவனம்.

ஐயா, ஒரு நிமிசம். அடுப்படியில நிண்டபோதுதான் எனக்கு ஞாபகம் வந்தது. இந்த வீட்டுக்கு வந்த புதுசில, திறந்த நாளுக்கு நான் கதை பாடமாக்கினபோது, ஆரிட்டயாவது சொல்லிப் பாக்கவேணும் எண்டு முதல் முதல் பவளத்தைத்தான் கூட்டிக்கொண்டு போனனான். படி, லிப்ட், தூண், வளைவு, அந்த அறை எண்டு முழு மில்லையும் அவவுக்குச் சுத்திக் காட்டினனான். இது இதுக்கு, அது அதுக்கு எண்டு கையை நீட்டி நீட்டிச் சொல்லிக்கொண்டு முன்னால நடந்தனான். அவ சீலைத் தலைப்பைப் பிடிச்சுக்கொண்டு பின்னால வந்தவ. எல்லாத்துக்கும் "அப்பிடியோ" எண்டு கேட்டுக்கொண்டு வந்தவ.